மைக் இல்லாத மேடையில் பழகிய குரல்: கே.பி.சுந்தராம்பாள், ஒரு நிகழ்வு ஆய்வு

1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்காக நாடக மேடைப் பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. கணவர் இறந்த துக்கத்தில் வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவரிடம் படக்காரர்கள் வந்து நடிக்கக் கேட்டார்களாம். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லை. கேட்டதும் எழுந்து போய்விடட்டும் என்று லட்ச ரூபாய் கேட்டார். வந்தவர்களோ சரி என்றுவிட்டார்கள். இந்த மாதிரிக் கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும். தொகையில் மட்டும் மெருகு இல்லை. இந்தியாவில் ஒரு படத்துக்கு லட்சம் வாங்கிய முதல் நடிகர் அவர்தான் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் குறிக்கிறார்கள்.

அந்த லட்சம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று யோசித்தால் விஷயம் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அவர் அதற்கு முன் ஒரு படத்திலும் நடித்ததில்லை. தமிழ் பேசும் படம் பிறந்தே நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆண்களோடு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று வேறு அவர் முடிவு செய்திருந்தார். அதாவது, கதாநாயகியாக வர மறுத்த ஒரு கதாநாயகிக்கு நாட்டிலேயே அதிகமான சம்பளம். ஆக, விலை பேசப்பட்டது குரலுக்கு. மேடையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்து ஊர் ஊராகப் பெயர் வாங்கிய குரலுக்கு.

இந்த ஆய்வு அந்தக் குரலின் தொழில் வாழ்க்கையைப் பற்றியது. அவர் காலத்தில் மேடையில் பாடி நடித்த பெண்கள் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடக மேடை சரிந்தபோது கூடவே மறைந்தார்கள். சிலர் சினிமாவில் சில வருஷம் மின்னிவிட்டுப் போனார்கள். சுந்தராம்பாள் மட்டும் 1910-களில் தொடங்கி 1970-கள் வரைக்கும் நின்றார். அதுவும் காலத்துக்கு ஏற்றபடி தன் பாட்டை மாற்றிக்கொள்ளாமலே. எப்படி?

ரயிலும் நல்லதங்காளும்

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர். பெயரின் முன்னெழுத்துகளில் ‘கே’ ஊரைக் குறிக்கிறது, ‘பி’ தாயார் பாலாம்பாளை. தந்தையின் ஆதரவு இல்லாத வறிய வீடு. சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கினாள். அந்தக் குரலைக் கேட்ட திருச்சி எஃப்.ஜி.நடேசய்யர் நாடகத்துக்கு வழி காட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஒரு போலீஸ் அதிகாரி வழியாகத்தான் போனார் என்று இன்னொரு செய்தியும் உண்டு. நடேசய்யர் ரயில்வே அதிகாரி, தாமே மேடையேறி நடித்தவர், எம்.கே.தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் அவரே. ரயிலில் கேட்ட குரலை அவர் காது விட்டுவிடவில்லை என்பதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை.

சேர்ந்தது வேலு நாயர் கம்பெனியில். பேர் வாங்கித் தந்த முதல் வேஷங்களில் ஒன்று ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழும் குழந்தை. பசியைப் பற்றி அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது. அதே வயதில் ஆண் குழந்தை வேஷங்களும் போட்டார். பெண் ஆண் வேஷம் கட்டுவதில் அந்தக் காலத்து மேடைக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆண் குழந்தைகளே பெண் வேஷமும் கட்டும் பாய்ஸ் கம்பெனிகள் ஒரு பக்கம்; கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நடத்திய கம்பெனி இன்னொரு பக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஒத்திகை இல்லாத நாடகம்

சுந்தராம்பாளின் குரல் உருவானது ஸ்பெஷல் நாடகத்தில். அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

கம்பெனி நாடகம் என்றால் ஒரே முதலாளி, ஒரே குழு, தினமும் ஒத்திகை, கூடவே சமையல்காரர் வரை. ஸ்பெஷல் நாடகம் அப்படியில்லை. ஊரில் ஒரு காண்ட்ராக்டர் ராஜபார்ட் என்னும் நாயக வேஷத்துக்கு ஒருவர், ஸ்திரீபார்ட் என்னும் நாயகி வேஷத்துக்கு ஒருவர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார். இவர்கள் ஒருவரையொருவர் அன்று மாலைதான் பார்த்துக்கொள்வார்கள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் நாடகம் விடியும்வரை போகும். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக மனப்பாடமாக இருக்கும் பாடம் ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து வைக்கும் கயிறு. பெரும்பாலும் அது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதாக இருக்கும். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அவரின் பாடல்கள் அப்போது மேடைக்காரர்களுக்கு அரிச்சுவடி.

இந்த ஏற்பாட்டில் நடிகை என்பவர் சம்பள வேலைக்காரர் அல்ல. தன் பெயரையே சரக்காக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற தனி வியாபாரி. நோட்டீசில் பெயர் எந்த அளவு எழுத்தில் வருகிறதோ அந்த அளவு கூலி. பாட்டு சரியில்லை என்றால் அடுத்த ஊர்க் காண்ட்ராக்டர் ஆள் அனுப்ப மாட்டார். லட்ச ரூபாய் கேட்ட துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். பதின்வயது முதல் தன் விலையைத் தானே பேசிப் பழகியவர் அவர்.

அப்புறம், மைக் இல்லை. திறந்தவெளிக் கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் சொல் புரிந்தாக வேண்டும். புரியாவிட்டால் அவர் சும்மா இருக்க மாட்டார், சத்தம் போடுவார். அதனால் மேடைப் பாட்டு உயர்ந்த சுருதியில்தான் நடக்கும். ஆர்மோனியத்தில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் இன்று கச்சேரி மேடையில் பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள், ஆண்கள் ஒன்று, ஒன்றரையில். நாடக மேடையில் ஆண்களும் மேலேதான் ஏற வேண்டும். ஏறிய இடத்தில் குரல் கீச்சென்று மெலியாமல் நெஞ்சிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் உடைபடாமல் விழ வேண்டும். ‘ழ’வும் ‘ற’வும் காற்றில் கரைந்துவிடக் கூடாது.

சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்கிறவர்கள் முதலில் கவனிப்பது குரலின் பலத்தை. என் காதில் முதலில் படுவது சொல். மூன்று நிமிஷத் தட்டு, கரகரப்புக்கு நடுவே, ஒரு சொல்லைக்கூட ஊகிக்க வேண்டியதில்லை. விருத்தம் பாடும்போது இது இன்னும் தெளிவு. தாளம் இல்லாத அந்த இடத்தில் பல பாடகர்கள் ராகத்தைக் காட்டுவதற்குச் சொல்லைப் பலி கொடுத்துவிடுவார்கள். இவர் சொல்லை நிறுத்தி வைத்துவிட்டு அப்புறம் ராகத்துக்குப் போவார். இது சங்கீத ஆசிரியர் சொல்லித் தந்து வந்ததா, தரை டிக்கெட்காரர்கள் சொல்லித் தந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

ஒரே சுருதியில் இரண்டு பேர்

1920-களின் நடுவில் இலங்கைக்கு நாடகம் ஆடப் போனார். தமிழ்நாட்டு நடிகர்களுக்கு கொழும்பும் யாழ்ப்பாணமும் அப்போது நல்ல வசூல் தரும் ஊர்கள். அங்கேதான் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். செங்கோட்டைக்காரர், 1906-இல் பிறந்தவர், கன்னையா கம்பெனியில் புகழ் பெற்றவர். அவர் பாட்டைக் கேட்கச் சங்கீத வித்வான்களே டிக்கெட் வாங்கி உட்காருவார்கள் என்ற பெயர் இருந்தது. இந்தப் பெண் அவரோடு ஈடுகொடுக்க முடியுமா என்ற சந்தேகம் அப்போது எழுந்ததாம். மேடையில் பதில் கிடைத்தது.

இந்த ஜோடி ஏன் அப்படி எடுபட்டது என்பதற்குக் காதல் கதையைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். காரணம் இன்னும் எளிமையானது என்று நினைக்கிறேன். கிட்டப்பா பாடியது பெண் குரலுக்கு இணையான உயரத்தில். சாதாரணமாக ஆணும் பெண்ணும் மேடையில் மாறி மாறிப் பாடும்போது யாராவது ஒருவர் தன் சௌகரியத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்மோனியக்காரர் சுருதி மாற்ற வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் அப்படியே பிடித்துக்கொள்ளலாம், போட்டி போட்டு மேலே ஏறலாம்.

அதற்கென்றே செய்து வைத்தது போன்ற நாடகம் ‘வள்ளி திருமணம்’. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி விரட்டும் வள்ளி. வேடனாக, விருத்தனாக, வேஷம் மாற்றி மாற்றி வரும் முருகன். இருவருக்கும் நடுவே தர்க்கம். தர்க்கம் என்பது எழுதி வைத்த வசனத்தை ஒப்பிப்பதோடு முடியாது. அன்றைய எதிராளி எப்படிக் கேட்கிறாரோ அதற்கேற்ப அங்கேயே எடுத்து வீச வேண்டும், பாட்டாகவும் பேச்சாகவும். கேட்டவர்கள் முடிவு தெரிந்த கதைக்காக விடிய விடிய உட்காரவில்லை. இன்றைக்கு யார் யாரை மடக்குகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தார்கள். ஒரு பெண் மேடையில் நின்று ஆணை எதிர்த்துக் கேள்வி கேட்டு ஜெயிப்பதற்கு அந்தக் காலத்தில் வேறு எத்தனை இடங்கள் இருந்திருக்கும்?

1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார், சாதி வேறு. இருவருக்கும் நடுவே பிரிவும் வந்தது. அவர் எழுதிய கடிதங்களும் இவர் எழுதிய கடிதங்களும் பின்னால் அச்சில் வந்து பேசப்பட்டன. அந்த வழக்கை இங்கே திரும்ப நடத்த விருப்பமில்லை. தொழிலின் கணக்கில் பார்த்தால், ஆறேழு வருஷத்துக்குள் தமிழ் மேடையின் உச்சியில் இருந்த ஜோடி அது, கொலம்பியா இசைத்தட்டுகளும் அவர்கள் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

முடிவு என்று தோன்றிய முடிவு

அதன்பிறகு அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். நகை இல்லை, நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று நின்றார்.

இதை வழக்கமாகத் தியாகமாக எழுதுவார்கள். துக்கம் உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொழில்காரராக அவர் எதை இழந்தார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்திரீபார்ட்டின் பாடம் முழுக்க ஜோடிப் பாடம். வள்ளி, பவளக்கொடி, அல்லி, தமயந்தி, எல்லோருக்கும் எதிரே ஓர் ஆண் நிற்க வேண்டும். 25 வயதில், குரல் உச்சத்தில் இருக்கும்போது, தன் பாடத்தில் பெரும்பகுதியைத் தானே பூட்டி வைத்துவிட்டார். சாதாரணக் கணக்குப்படி இதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

திறந்திருந்த வழி, குழந்தையில் பழகிய வழி: ஆண் வேஷம். நந்தனார் வேஷத்தோடு திரும்பி வந்தார். சிதம்பரம் போக ஏங்கும் அடியவர், காதல் இல்லை, ஜோடி இல்லை, பாட்டு மட்டும் ஏராளம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் அதற்கு முன்பே கதாகாலட்சேபத்திலும் மேடையிலும் வேரூன்றியிருந்தது. கேட்பவர்களுக்குப் பாட்டு தெரியும். யார் எப்படிப் பாடுகிறார்கள் என்பதுதான் ஆவல்.

லட்ச ரூபாய்ப் படம் இதைத்தான் படமாக்கியது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், கச்சேரி மேடையின் பெரிய வித்வான். நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். படம் எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. மனிதர்களைவிட மரமும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்று பொருள்படும்படி கல்கி எழுதிய விமர்சனம் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. கல்கியின் கிண்டலில் நியாயம் இருந்திருக்கும். மேடையில் பாடும்போது உடம்பு அசையாமல் முகம் நேரே பார்த்து நிற்பது பழக்கம். கேமரா அதைப் பொறுத்துக்கொள்ளாது.

1940-இல் ‘மணிமேகலை’. மறுபடி துறவி. அதுவும் பெரிய வெற்றி இல்லை. இரண்டு படம், இரண்டும் சுமார். வேறொருவராக இருந்தால் சினிமா அத்தோடு மறந்துபோயிருக்கும்.

சினிமாவுக்கு வெளியே

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கை மற்ற மேடைக் கலைஞர்களிடமிருந்து பிரிகிறது. அவர் சினிமாவை நம்பியிருக்கவில்லை. கோயில் திருவிழாக்களில் கச்சேரி, இசைத்தட்டு, காங்கிரஸ் மேடை, மூன்றும் தொடர்ந்தன. சத்தியமூர்த்தி நாடகக்காரர்களை மதித்த அரசியல்வாதி. கிட்டப்பா இருந்தபோதே இருவரையும் தேசிய இயக்கத்தின் பக்கம் இழுத்தவர். சுந்தராம்பாள் காந்தியைப் பற்றிய பாட்டுகளை இசைத்தட்டில் பாடினார். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். அரசியல் கூட்டத்தில் பேச்சாளர் வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சேர்த்து உட்கார வைக்க ஒரு குரல் வேண்டும், அது மைக் இல்லாமலும் கேட்க வேண்டும். அந்தத் தகுதி அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

நாடகக்காரர்கள் தேசியத்துக்குக் கொடுத்த விலை சின்னதல்ல. முருகன் வேஷத்தில் வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்து பாடிப் பலமுறை சிறை போன எஸ்.எஸ்.விஸ்வநாத தாஸ், 1940 டிசம்பர் 31 அன்று அதே முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். சுந்தராம்பாளுக்கு அமைந்த வழி வேறு. 1951-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். சினிமாவில் நடித்த ஒருவர் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் என்று குறிப்பிடுவார்கள். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை நடிகர்கள் அந்த வழியில் போனார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். முதலில் போனது ஜோடி சேர மறுத்த ஒரு பாட்டுக்காரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடகக்காரி என்றால் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். நாடகம் பார்க்க விடிய விடிய உட்காருவார்கள், மறுநாள் தெருவில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்வார்கள். வெள்ளைச் சேலையும் திருநீறும் அந்தக் கதவைத் திறந்தன. கோயில் மேடைக்கும் அரசியல் மேடைக்கும் அவர் ‘அம்மா’வாக ஆனார். அது திட்டம் போட்டுச் செய்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் விளைவு அதுதான். மதிப்பு வேண்டும் என்றால் ஒரு பெண் கலைஞர் வாலிபத்தை முதலில் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்தச் சமூகம் கேட்ட விலை. அவர் 25 வயதில் கொடுத்துவிட்டார். இதைப் பாராட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஔவை வந்தாள்

1953-இல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்த ‘ஔவையார்’ வெளிவந்தது. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயது. மேடையில் அதற்கு முன்பே டி.கே.சண்முகம் ஔவையாக நடித்து, அதனாலேயே ‘ஔவை சண்முகம்’ ஆகியிருந்தார். ஆக, ஓர் ஆண் ஔவையாகவும் ஒரு பெண் நந்தனாராகவும் புகழ் பெற்ற நாடு இது.

ஔவை என்ற பாத்திரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இளமையை வேண்டாம் என்று தானே கேட்டு வாங்கிய முதுமை. கல்யாணத்திலிருந்து விலகியவள். ஊர் ஊராக நடந்து போய் அரசனானாலும் ஆண்டியானாலும் பாட்டாலேயே பதில் சொல்பவள். ஸ்பெஷல் நாடகக்காரியின் வாழ்க்கையும் தர்க்கத்தில் பழகிய நாக்கும் 1933-க்குப் பிறகு எடுத்த விரதமும் ஒரே வேஷத்தில் வந்து பொருந்திவிட்டன. கேமரா முன்னால் அசையாமல் நிற்பதுகூட இப்போது குறையாகத் தெரியவில்லை. கோலூன்றிய கிழவி நின்ற இடத்தில் நின்று பாடினால் யாருக்கு என்ன உறுத்தும்?

படம் ஓடியது. அதைவிட முக்கியம், ஔவை என்றால் இவர் முகம் என்று ஊர் மனதில் பதிந்தது. அப்புறம் பதினோரு வருஷம் அவர் படத்தில் தலைகாட்டவில்லை.

அந்தப் பதினோரு வருஷத்தில் தமிழ் சினிமாவின் பாட்டு அடியோடு மாறிவிட்டது. பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டார்கள். நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு. மைக்குக்கு மிக அருகே, மெல்ல, மூச்சுச் சத்தம்கூடத் தெரியும்படி பாடுவது அழகென்று ஆனது. சொந்தக் குரலில் பாடி நடித்த தலைமுறை போய்விட்டது, பி.யு.சின்னப்பா 1951-இல் இறந்தார், தியாகராஜ பாகவதர் 1959-இல். உயர்ந்த சுருதியில் முழங்கும் பாட்டு பழைய பாணியாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், 1964-இல், ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகளாகச் சுந்தராம்பாள் திரும்பி வருகிறார். அதே குரல், அதே பாணி.

வசனமும் சில பாட்டுகளும் எழுதியவர் மு.கருணாநிதி. கடவுளைக் கேள்வி கேட்பது போன்ற ஒரு வரியைப் பாட அவர் தயங்கியதாகவும், கருணாநிதி அதை மாற்றித் தந்ததாகவும் சொல்வார்கள். காங்கிரஸ்காரர், திருநீறு அணிந்தவர், சமணத் துறவி வேஷத்தில், திராவிட இயக்கத்துக்காரர் எழுதிய வரிகளைப் பாடுகிறார். இரண்டு பக்கமும் வளைந்து கொடுத்த இந்தச் சின்னப் பேரத்தில் எனக்கு அந்தப் பழைய ஸ்பெஷல் நாடகக்காரிதான் தெரிகிறார். எதிரே யார் நின்றாலும் பாடத்தைக் கெடுக்காமல் தன் நிபந்தனையைச் சொல்லிவிடுவது.

அடுத்த ஒன்பது வருஷத்தில் வரிசையாகப் படங்கள்: ‘திருவிளையாடல்’ 1965, ‘மகாகவி காளிதாஸ்’ 1966, ‘கந்தன் கருணை’ 1967, ‘துணைவன்’ 1969, ‘காரைக்கால் அம்மையார்’ 1973. மொத்தக் கணக்கெடுத்தால் வாழ்நாளில் ஒரு டஜன் சொச்சம் படம்தான். அதில் பாதிக்கு மேல் ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு வந்தவை. நடிகைகளின் தொழில் வாழ்க்கை இளமையோடு முடியும் ஊரில் இவருடையது தலைகீழாக நடந்திருக்கிறது.

‘துணைவன்’ படத்துக்காக 1969-க்கான தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேர்வானார். பெண்களுக்கென்று தனியாக அந்த விருது அதற்கு முந்தைய வருஷம்தான் தொடங்கியிருந்தது. முதலில் வாங்கியவர் பி.சுசீலா. ஒன்று மைக்கில் பிறந்து வளர்ந்த குரல், இன்னொன்று மைக்கைப் பார்க்காமல் வளர்ந்த குரல். அடுத்தடுத்த வருஷத்தில் ஒரே விருது. அதிலும் வேடிக்கை, சுந்தராம்பாள் யாருக்கும் பின்னணி பாடவில்லை, தன் முகத்துக்குத் தானே பாடினார். 1966-இல் தமிழ் இசைச் சங்கத்தின் ‘இசைப் பேரறிஞர்’ பட்டம், 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார்.

மறுபடி முருகன்

எடுத்த கேள்விக்கு வருகிறேன். குரல் மாறாமல் எப்படி நின்றார்? வேஷத்தை மாற்றிக்கொண்டே இருந்தார் என்பது என் பதில். பசித்த குழந்தை, வள்ளி, நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தி. குரல் எங்கே கேட்டால் இயல்பாக இருக்குமோ அந்த வேஷத்துக்கு அவ்வப்போது நகர்ந்துகொண்டார். 1960-களில் ஓர் இளம் நாயகி அந்த உயரத்தில் முழங்கிப் பாடியிருந்தால் கொட்டகையில் சிரித்திருப்பார்கள். ஒரு கிழத் துறவி பாடினால் அது அருள்வாக்கு. பழைய பாணி என்று ஒதுக்கப்பட்ட அதே பாட்டு, பழமையே உருவான ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்ததும் குறையாகத் தெரியாமல் போனது. பக்திப் படங்கள் அலையலையாக வந்த காலமும் கைகொடுத்தது, அதையும் மறுக்க முடியாது. அந்த அலை இல்லாதிருந்தால் ‘ஔவையா’ரோடு கதை நின்றிருக்கலாம்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அசாதாரணக் குரல் என்றால் எந்தக் காலத்திலும் நிற்கும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கிட்டப்பா, விஸ்வநாத தாஸ், சின்னப்பா, யார் குரல் சாதாரணம்? டி.பி.ராஜலட்சுமியும் மேடையிலிருந்து வந்தவர்தான். முதல் தமிழ்ப் பேசும் படத்தின் நாயகி, 1936-இல் சொந்தமாகப் படம் இயக்கியவர், அவருக்குத் திறமையில் என்ன குறை? நாயகி வேஷத்தின் ஆயுள் குறைவு, அவ்வளவுதான். சுந்தராம்பாள் அந்த வேஷத்தை விட்டு 1933-இலேயே இறங்கிவிட்டதால், அது முடிந்தபோது அவருக்கு எதுவும் முடியவில்லை.

‘திருவிளையாட’லில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனி மலையில் போய் நிற்கும் பாலமுருகனை ஔவை சமாதானம் செய்யும் காட்சி எல்லோருக்கும் தெரியும். கார்த்திகையில், தைப்பூசத்தில், கோயில் ஒலிபெருக்கியில் இன்றும் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. படத்தின் பாடல்கள் கண்ணதாசனுடையவை. ஆனால் இந்தப் பாட்டு தொடங்கும் முன் வரும் விருத்தம், ஞானப் பழத்தைப் பிழிந்து என்று எடுப்பது, சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1965-இல், கலர் படத்தில், ஒரு நாடக வாத்தியாரின் விருத்தம், மேடையில் பாடுவது போலவே சொல்லை நிறுத்தி நிறுத்தி.

வள்ளி திருமணத்தில் இளம்பெண்ணாக இவர் தினைப்புனத்தில் நிற்பார், முருகன் கிழவனாக வந்து வம்பு வளர்ப்பார். நாற்பது வருஷம் கழித்து மலையில் நிற்பவன் சிறுவன், கோலூன்றி வந்து பேசுபவர் கிழவி. அன்றைக்கும் இன்றைக்கும் எதிரே நின்று தர்க்கம் செய்தது முருகனோடுதான்.